எண் மாறினால் சேனல் பிரிந்துவிடுமா?

வயர்லெஸ் ப்ராஜெக்ட் செய்யும் பொறியியல் மாணவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. சிமுலேட்டரில் ரேடியோக்களுக்கு வெவ்வேறு சேனல் எண் கொடுத்துவிட்டால் ஒன்றின் தொல்லை மற்றொன்றுக்கு இல்லை, அங்கே வந்த வேகத்தைக் களத்திலும் அப்படியே எதிர்பார்க்கலாம் என்பதே அந்த நம்பிக்கை. இது தவறு, ஆபத்தான தவறு. ஏன் ஆபத்து என்பதை ஒரு மருத்துவமனையின் வலையமைப்பு காட்டும்.

மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனிக் கிளையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு நெடுந்தூர வைஃபை வழியே இணைத்தார்கள் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். சில இணைப்புகள் 15 கி.மீ. வரை நீண்டன. மையத்துக்கு வரும் நோயாளி வீடியோவில் தேனி டாக்டரிடம் பேச வேண்டும். பாக்கெட் தொலைந்தால் படம் உறையும், ஆலோசனை அறுபடும்.

எண் வேறென்றால் பாதையும் வேறு என்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான், பழைய 802.11பி சிக்னலின் அகலமோ 22. ஆகவே 1-ம் 2-ம் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. என்எஸ்-3 சிமுலேட்டரின் யான்ஸ் எனும் சேனல் நிரலில் இது தெரியாது. பெறுபவரின் சேனல் வேறென்றால் அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகச் சொல்லும் ஒரு நிபந்தனை அங்கே இருக்கிறது. கசிவு கணக்கிலேயே வராதபோது, ‘தொல்லை பூஜ்யம்’ என்ற முடிவை ஆய்வு கண்டுபிடித்ததாகச் சொல்வது எப்படி? அது நாமே உள்ளே போட்டு வைத்த அனுமானம்.

சரி, 1, 6, 11 என்று விலக்கி வைத்தால்? ரேடியோக்கள் தள்ளித் தள்ளி இருக்கும்வரை பெரும்பாலும் சரிதான். ஒரே டவரில் ஏறும்போதுதான் சிக்கல். 802.11பி விதிப்படி, சேனலின் மையத்திலிருந்து 22 மெகாஹெர்ட்ஸுக்கு அப்பாலும் உச்ச அளவில் லட்சத்தில் ஒரு பங்கு கசியலாம். 15 கி.மீ. கடந்து வரும் சிக்னலோ, அனுப்பிய அளவைவிடக் கோடி மடங்குக்கும் மேல் மெலிந்திருக்கும். பக்கத்து ரேடியோவின் கசிவிலிருந்து ஆண்டெனாக்களின் திசையும் இடைவெளியும்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். பெர்க்லி குழு 2007-ல் வெளியிட்ட வைல்ட்நெட் என்ற நெடுந்தூர வைஃபை முறை, சேனல் பிரிப்பை மட்டும் நம்பவில்லை. டவரின் ரேடியோக்கள் சேர்ந்து அனுப்பவும் சேர்ந்து பெறவும் நேரத்தை வகுத்தது, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் உடனடி ஒப்புதல் கேட்கும் முறையையும் மாற்றியது. சாதாரண 802.11-ஐவிட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்தது.

நகர இணைப்புகளில் பிறர் வைஃபையும் பாக்கெட்டைத் தின்றதாக அதே ஆண்டு ஆய்வொன்று காட்டியது. சிமுலேட்டரில் நம் ரேடியோக்கள் மட்டுமே இருந்தால் அந்த இழப்பு தலைகாட்டவே காட்டாது.

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் போல வெகுதூரம் விலகிய அலைவரிசைகளுக்குத் தனித்தனி சேனல் வைப்பதில் பிழையில்லை. மற்றபடி என்எஸ்-3-இலேயே ஸ்பெக்ட்ரம் மாதிரி இருக்கிறது. பக்கத்துச் சேனலின் ஆற்றலை அது தொல்லையாகக் கணக்கில் எடுக்கும். ஓட நேரம் கூடுதலாகும். டவரின் ஆண்டெனா இடைவெளியை அளந்து, ரேடியோக்களுக்கு இடையிலான கசிவை அந்த மாதிரியில் சேர்த்து ஓட்டிய பிறகே வேகக் கணக்கை அறிக்கையில் எழுத வேண்டும்.