ஐயா, ஒரு துணைக்கேள்வி...

அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு டோல் என்று பெயர். அந்த நாட்டுப் பிரதமரை 'டீஷக்' என்பார்கள் (ஆங்கில எழுத்தில் பார்த்தால் யாருக்கும் அப்படிப் படிக்கத் தோன்றாது, அது வேறு கதை). சபை கூடும் வாரங்களில் செவ்வாயும் புதனும் அவர் எழுந்து நின்று, எதிர்க்கட்சித் தலைவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தரத் தேவையில்லை. அன்று காலை எந்த விஷயம் சூடாக இருக்கிறதோ அதைக் கேட்கலாம். பதில் திருப்தி இல்லையென்றால் திரும்பவும் கேட்கலாம். இங்கிலாந்திலும் இதே கதைதான். புதன்கிழமை மதியம் 12 மணிக்கு அரை மணி நேரம் பிரதமர் நிற்க வேண்டும். எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டும் ஆறு கேள்விகள்.

அதெல்லாம் சரி, ஆரணியில் பட்டு நெய்கிறவருக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தம் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தில் வழிகாட்டு நெறிமுறைகள் என்று ஒரு பகுதி உண்டு. பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அந்த யோசனை அயர்லாந்து அரசியல் சட்டத்தைப் பார்த்து எடுத்தது. அதில் 43-வது பிரிவு, குடிசைத் தொழில்களை வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஆக, ஆரணி தறிக்காரருக்குக் காகிதத்தில் கிடைத்த வாக்குறுதியின் மாதிரி அயர்லாந்திலிருந்து வந்தது. வாக்குறுதி என்ன ஆச்சு என்று நாட்டின் தலைவரை வாராவாரம் நேருக்கு நேர் கேட்கிற வழக்கம் மட்டும் இங்கே வரவேயில்லை.

"ஏன், கேள்வி நேரம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. மக்களவையில் காலை 11 முதல் 12 வரை. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். 150 வார்த்தைக்குள் கேட்க வேண்டும். வந்து குவிகிற கேள்விகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போடுவார்கள். அதற்குத்தான் அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும். மீதி 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். அந்த 20-லும் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஐந்தாறைத் தாண்டுவதில்லை.

நட்சத்திரக் கேள்வியில் என்ன பெரிய விசேஷம்? துணைக்கேள்வி! விஷயமே அங்கேதான் இருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் எழுதித் தருவார்கள், அமைச்சர் படிப்பார். "அதெல்லாம் சரி ஐயா, அப்படியானால் இது ஏன் இப்படி?" என்று உறுப்பினர் எழுந்து கேட்கும்போதுதான், அமைச்சருக்குத் தன் துறை தெரியுமா தெரியாதா என்பது வெளியே வரும்.

பி.காம் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கணக்கை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் தணிக்கை முடிந்துவிட்டதா என்ன? வவுச்சர் எங்கே, யார் கையெழுத்து, இந்தத் தேதியில் ஏன் இந்தச் செலவு என்று கேட்க வேண்டாமா? எழுத்துப் பதில் என்பது நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் ஆண்டறிக்கை மாதிரி. துணைக்கேள்விதான் ஆடிட்டர்.

இது வெறும் தத்துவம் இல்லை, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. எல்.ஐ.சி. தொடங்கியது 1956 செப்டம்பரில். மறு வருஷம் ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே வாங்கியது. 1957 செப்டம்பரில் மக்களவையில் இதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பதில் யாருக்கும் திருப்தி தரவில்லை. நவம்பரில் மறுபடி கேட்டார்கள். டிசம்பர் 16-ஆம் தேதி பெரோஸ் காந்தி எழுந்து பேசினார். அவர் ஆளுங்கட்சி எம்.பி., அதிலும் பிரதமர் நேருவின் மருமகன்! எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது, சில வாரங்களில் அறிக்கையும் வந்துவிட்டது. (இன்றைக்குக் கமிஷன்கள் எத்தனை வருஷம் எடுக்கின்றன என்று கேட்கக்கூடாது :-) ) செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் சென்னைக்காரர், பெரிய திறமைசாலி, பிறகு மறுபடியும் நிதியமைச்சர் ஆனார். ஆனாலும் அன்றைக்குப் போக வேண்டியிருந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முதல் கேள்வியோடு விட்டிருந்தால் முந்த்ரா விவகாரம் ஒரு எழுத்துப் பதிலாகவே முடிந்து போயிருக்கும்.

இப்போது 2020-க்கு வாருங்கள். அந்த வருஷம் ஜூலை கடைசியில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மத்திய அரசு கலைத்தது. 1992-ல் அமைத்த வாரியம். பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை, ஆலோசனை சொல்கிற அமைப்புதான். ஆனாலும் நெசவாளர் பக்கத்து ஆட்கள் டெல்லியில் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி அதில் இருந்தது. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். அதற்குச் சில நாள் முன்னால் நாற்காலி போனது.

ஏன் கலைத்தீர்கள் என்று யார் கேட்பது, எப்போது கேட்பது? செப்டம்பரில் கூடிய மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லை என்றார்கள். எழுத்துப் பதில் உண்டு, துணைக்கேள்வி கிடையாது. அதே கூட்டத்தொடரில் மூன்று வேளாண் சட்டங்கள் நிறைவேறின, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. சட்டம் போட நேரம் இருந்தது, கேள்வி கேட்கத்தான் தொற்று பயம்! அடுத்து குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கவேயில்லை. கேள்வி நேரம் திரும்பி வந்தது 2021 பட்ஜெட் கூட்டத்தொடரில்தான்.

அந்த பட்ஜெட்டில் என்ன இருந்தது தெரியுமா? கச்சாப் பட்டுக்கும் பட்டு நூலுக்கும் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் ஆனது. விவசாயிகளுக்கு நல்லது என்றார்கள். மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு விற்கிறவருக்கு நல்லதாகவே இருக்கலாம். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு? பாவுக்கும் ஊடைக்கும் விலை ஏறினால், கூலிக்கு நெய்கிறவருக்கு முதலாளி கூலியை ஏற்றித் தருவதில்லை, தறிக்குப் பாவு தருவதைத்தான் குறைப்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற விஷயம் இது. அதனால்தான் எதிரும் புதிருமாகக் கேள்வி கேட்டு, அமைச்சர் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசாங்கத்தின் எழுத்துப் பதில்களில் இன்னொரு கணக்கும் வருவதுண்டு. மூன்றாவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 43.31 லட்சம் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம். பதில் அங்கே முடிந்துவிடும். எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள்? பெங்களூருக்கா, செங்கல் சூளைக்கா, செக்யூரிட்டி வேலைக்கா? இது துணைக்கேள்வி. எழுத்துப் பதிலுக்கு இதெல்லாம் கேட்காது.

இன்னொன்று. வரி பற்றிய பெரிய முடிவுகள் இப்போது சபைக்குள் எடுக்கப்படுவதே குறைவு. ஜவுளிக்கு ஜி.எஸ்.டி.யை 5-லிருந்து 12 சதவீதமாக்கி 2022 ஜனவரி 1 முதல் அமல் என்றார்கள். நாடெங்கும் எதிர்ப்பு. டிசம்பர் 31-ஆம் தேதி, அதாவது முதல் நாள், ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடித் தள்ளி வைத்தது. நல்லது நடந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கவுன்சிலில் கேள்வி நேரம் கிடையாது. பொதுமக்கள் பார்க்கிற மாடமும் கிடையாது. யார் ஏற்றச் சொன்னார், யார் வேண்டாம் என்றார் என்பதை அவரவர் வெளியே வந்து மைக்கில் சொன்னால்தான் உண்டு.

பிரதமர் விஷயத்துக்கு வந்தால், அவர் பொறுப்பிலுள்ள துறைகளுக்கு மக்களவையில் புதன்கிழமை என்று நாள் உண்டு. ஆனால் எழுந்து பதில் சொல்வது பெரும்பாலும் இணையமைச்சர். அதுவும் அணுசக்தி, விண்வெளி மாதிரி அவருடைய துறைகளைப் பற்றி மட்டும். மொத்த அரசாங்கத்துக்கும் தலைவர் என்ற முறையில் எதை வேண்டுமானாலும் கேட்கிற அரைமணி நேரம் எந்தக் கட்சி ஆட்சியிலும் வந்ததில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கேட்பதும், ஆளுங்கட்சியானதும் மறப்பதும் எல்லோருக்கும் பொது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மட்டும் என்ன வாழ்கிறது? இங்கே கேள்வி கேட்கிற உரிமைக்கு வயசு அதிகம். 1892 சட்டத்தில்தான் மாகாண சபைகளில் கேள்வி கேட்கவே அனுமதி கிடைத்தது. துணைக்கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேள்வியைக் கொடுத்த வெள்ளைக்காரன் துணைக்கேள்வியைக் கொடுக்கப் பதினேழு வருஷம் யோசித்தான் பாருங்கள், எது ஆபத்தானது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைக்கு அந்த உரிமை எப்படிச் செலவாகிறது? "எங்கள் தொகுதியில் பாலம் கட்ட அரசு ஆவன செய்யுமா?" "பரிசீலிக்கப்படும்." நடுவில் தலைவருக்கு இரண்டு நிமிஷம் பாராட்டு. இன்னொரு பக்கம் விதி 110. அமைச்சர் ஓர் அறிக்கை படிக்கலாம், அதன் மேல் விவாதம் கிடையாது. 2011-க்குப் பிறகு ஜெயலலிதா இந்த விதியின் கீழ் அறிவிப்பு மேல் அறிவிப்பாக வெளியிட்டார். அறிவிப்பில் நல்ல திட்டமும் இருந்திருக்கலாம். ஆனால் 'இதற்குப் பணம் எங்கே, போன வருஷம் அறிவித்தது என்ன ஆச்சு' என்று அந்த இடத்தில் யாரும் கேட்க முடியாது. பதில் மட்டும் இருக்கிறது, கேள்வி இல்லை. 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்ட ஆரம்பித்தது உருப்படியான காரியம். யார் படித்துவிட்டு வருகிறார், யார் பார்த்துப் படிக்கிறார் என்பதாவது வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது.

"லண்டனில் நடப்பது வெறும் நாடகம், கத்தல், கைதட்டல். நிஜ வேலை நிலைக்குழுக்களில்தான் நடக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அங்கே கூச்சல் ஜாஸ்திதான். ஆனால் புதன்கிழமை நிற்க வேண்டும் என்பதற்காகவே செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு துறையிலிருந்தும் விவரம் கேட்டு வாங்கியாக வேண்டும். எது கேட்பார்களோ என்ற பயம், கேட்காத விஷயத்திலும் வேலையை நடத்தும். பரீட்சையில் எந்தப் பாடத்திலிருந்து வரும் என்று தெரியாததால்தானே முழுப் புத்தகத்தையும் புரட்டுகிறோம்? 15 நாள் முன்னதாகக் கேள்வித்தாள் கையில் கிடைத்தால் எந்த மாணவன் படிப்பான்!

எதிர்க்கட்சிகளும் யோக்கியம் இல்லை. கேள்வி நேரத்தில் பதாகை தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நிற்பது, சபை ஒத்திவைப்பு, வெளியே போய்ப் பேட்டி. அன்று குலுக்கலில் வந்த 20 கேள்விகளும் வீண். 2005-ல் காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். அரசாங்கத்தின் பக்கம் பார்த்தால், 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம். அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சத்தம் போட்டது உறுப்பினர், தண்டனை தொகுதி மக்களின் கேள்விக்கு.

ஆரணி 2009 முதல் தனி மக்களவைத் தொகுதி. இதுவரை காங்கிரஸ், அதிமுக, மறுபடி காங்கிரஸ், திமுக என்று மாறி மாறி எம்.பி.க்கள் போயிருக்கிறார்கள். 1985-ஆம் வருஷக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும், விசைத்தறியில் நெய்தால் குற்றம். ஆரம்பத்தில் 22 ரகங்கள் இருந்தன, பிறகு 11 ஆகக் குறைத்தார்கள். சேலை அதில் இருக்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பது ஆரணிக் கடைத்தெருவில் நிற்கிற யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

குலுக்கலில் விழுந்து, நட்சத்திரம் கிடைத்து, சபையும் ஒத்திவைக்கப்படாமல் இருந்தால், ஒரு புதன்கிழமை பிரதமரையே பார்த்துக் கேட்க வேண்டியவை இவை: 22 எப்படி 11 ஆனது? மீதி 11-ஐ மீறியதற்காகப் போன வருஷம் எத்தனை வழக்கு? அதில் எத்தனை பேருக்குத் தண்டனை? தண்டனை இல்லையென்றால் ஏன் இல்லை, ஐயா?