நாயை இறக்கிவிடுங்க!

பஸ்ஸில் நாயை ஏற்றாத முதல் கண்டக்டர் தேவேந்திரன்தான். மகாபாரதக் கடைசியில் ரதத்தோடு வந்து, "நீங்க ஏறுங்க, நாய் கூடாது" என்றான். "அப்ப நானும் வரலை" என்றுவிட்டார் தருமர். அந்த நாய் தர்மதேவனே என்று தெரிந்த பிறகுதான் பிரச்னை தீர்ந்தது. பார்வையில்லாதவர் கூட்டிவரும் லாப்ரடார் அப்படியெல்லாம் விஸ்வரூபம் எடுக்காது, பாவம்.

எங்கள் மூலக்குளம் டீக்கடையில் தினமும் ஒரு சொல்தா பெரியவர் உட்காருவார். (பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர்களுக்கு பாண்டிச்சேரியில் அதுதான் பெயர்.) "பாரீஸ்ல கண்ணு தெரியாதவங்க நாயோடவே மெட்ரோ ஏறுவாங்க தம்பி" என்றார்.

"நாய்க்கும் டிக்கெட்டா ஐயா?"

"உன் கண்ணுக்குத் தனியா டிக்கெட் எடுப்பியா?"

பிரான்சில் 1987 ஜூலை 30-ம் தேதி சட்டத்திலேயே வழிகாட்டி நாய்க்குப் பொது இடங்களில் அனுமதி உண்டு. 2005-ல் இன்னும் விரிவாக்கினார்கள். மறுத்தால் 450 யூரோ வரை அபராதம். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கிளம்பியது 1954-ல். சட்டம் 33 வருஷம் லேட்!

அமெரிக்காவில் 1990 சட்டப்படி கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: ஊனத்துக்காகத் தேவைப்படும் நாயா? என்ன வேலை பழகியிருக்கிறது? சர்ட்டிபிகேட் காட்டு என்று கேட்கக் கூடாது.

நம் ஊரில்? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். தேவையான நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் 'நாய்' என்ற வார்த்தை அதில் இல்லை. அதனால் தீர்ப்பு சொல்கிறவர் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்.

டவுனில் ஓர் ஓட்டல் மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். "மத்த கஸ்டமர்ங்க சங்கடப்படுவாங்க சார்" என்றார். சொல்லும்போது கல்லாவுக்குக் கீழே ஒரு பூனை சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது. அவர் பயத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அவர் பார்த்திருப்பது தெருநாய். பழக்கிய நாய் மேஜைக்கடியில் படுத்தால் எழுந்திரு என்று சொல்லும்வரை எழுந்திருக்காது. வழி அதற்குத் தெரியாது. வழி சொல்பவர் கூட வருகிறவர்தான். பள்ளம், படி, குறுக்கே நிறுத்திய ஸ்கூட்டர் இதெல்லாம் நாயின் டிபார்ட்மெண்ட். "போ" என்றாலும் எதிரே லாரி வந்தால் போகாது. முதலாளி சொல்லைத் தட்டுவதற்கென்றே டிரெய்னிங்! நம் ஆபீஸில் இப்படி ஒருவர் உண்டா?

தெருநாய் விஷயம்தான் உண்மையில் பெரிய தலைவலி. நைட் ஷிஃப்ட் முடிந்து ரெட்டியார்பாளையம் பக்கம் பைக்கில் வருகிறவர்களைக் கேளுங்கள். பட்டை கட்டிய ஒரு லாப்ரடார் அந்த வழியே வந்தால் ஏழெட்டு உள்ளூர்க்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கருத்தடை, தடுப்பூசி வேலை ஒழுங்காக நடக்காமல் பஸ்ஸில் மட்டும் அனுமதி கொடுத்துப் பிரயோஜனமில்லை.

ஆனாலும் புதுச்சேரி அரசு ஒரு சர்க்குலர் போடலாம். பி.ஆர்.டி.சி. பஸ், ஆஸ்பத்திரி, ஓட்டல், சினிமா தியேட்டர் எல்லாவற்றிலும் வழிகாட்டி நாய்க்குக் கட்டணமில்லாமல் அனுமதி என்று நாலு வரி போதும். ஒரு நாய்கூட ஊரில் இல்லையே என்று கேட்பார்கள். உள்ளே விடமாட்டார்கள் என்றால் யார் சார் நாய் வாங்குவார்?

என்றைக்காவது மூலக்குளம் ஸ்டாப்பில் அப்படி ஒரு ஜோடியைப் பார்த்தால் விசிலடிக்காதீர்கள், தடவாதீர்கள். முக்கியமாக, டீக்கடைப் பொறையை நீட்டாதீர்கள். அது டியூட்டியில் இருக்கும்.