காற்றும் வெயிலும் ஊர்க் கம்பியும்

ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழன்றடிக்கும்போது தமிழ்நாட்டுக்குக் கிடைப்பது பெரும் செல்வம். தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986இல் தொடங்கிய காற்றாலை முயற்சி இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் பூங்கா 2016இலேயே வந்துவிட்டது. ஆனால் மின்தொகுப்பு தாங்காத நேரங்களில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் போட்டவருக்கு மட்டுமா இந்த நட்டம்? அந்த யூனிட்டுக்குப் பதிலாக எங்கோ நிலக்கரி எரிகிறதே!

பெரிய மின்கோபுரங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நம் தெருமுனை டிரான்ஸ்பார்மரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. துணைமின் நிலையத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம் வருவதற்காக அமைக்கப்பட்டது அது. இப்போது நண்பகலில் மாடிகளில் உள்ள சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் எதிர்த்திசையில் ஏறுகிறது. ஒரே லைனில் பலர் தகடு வைத்து, வாங்குவோர் குறைந்தால் மின்னழுத்தம் உயரும். லைனின் கடைசி வீட்டு இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். கரண்ட் போனால் தகடும் நிற்கிறதே என்று குறைப்படுவோர் உண்டு. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. அதில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை.

ஒருவரின் தகடு அடுத்தவரையும் பாதிப்பதால், லைன் ஊருக்கெல்லாம் பொதுச் சொத்து. அதைப் பலப்படுத்தும் செலவில் தகடு வைப்பவரும் பங்கேற்பதே நியாயம். ஆனால் சிறுதொழில் செய்பவரை ஒடிக்கும் அளவுக்குக் கட்டணம் இருக்கக் கூடாது. வாங்கிய பணம் அதே பகுதியின் லைனுக்குச் செலவாவது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். பகலில் மிஞ்சும் மின்சாரத்தைப் பயன்படுத்த, உழவர்களின் இலவச மின்சாரத்தில் கைவைக்க வேண்டியதில்லை. பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரத்தை வெயில் நேரத்தில் உறுதியாகக் கொடுத்தால் போதும், இரவில் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்கும் துன்பமும் தீரும். வீடுகளில் தண்ணீர் மோட்டாரையும் துவைக்கும் இயந்திரத்தையும் மாலை ஆறு மணிக்குமேல் ஓட்டாமல் பகலுக்கு மாற்றுவது நம் பங்கு. பகல் மின்சாரத்தைச் சேமித்து அந்த மாலை நேரத்துக்குத் தரத்தான் பேட்டரியும், நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் போன்றவையும் தேவைப்படுகின்றன. இவற்றை இழுத்தடிப்பது அரசு செய்யக்கூடாத தவறு.

மின்சார விஷயத்தை ஊராட்சியால் கையாள முடியுமா என்று கேட்பவர்கள் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறையைப் பார்க்கட்டும். அந்த ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலையைத் தனக்கென்று நிறுவியது. ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று, கடனை அடைத்தது.

எந்த டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தாங்கும், இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை ஒவ்வொரு மின்வாரியப் பிரிவு அலுவலகமும் வாசலில் எழுதி ஒட்டட்டும். அந்தக் கணக்கைக் கிராமசபையில் வைத்து, பள்ளி மாடித் தகட்டுக்கு முதலிடமா, குடிநீர் மோட்டாருக்கா என்று ஊரே கூடி முடிவெடுக்கட்டும். பிரிவுப் பொறியாளரும் அன்று அங்கே வந்து உட்கார வேண்டும்.