வரைபு வகுப்புகளும் வாய்திறவாப் பத்திரிகைகளும்

கடந்த வாரம் என் நீண்டகால நண்பரொருவரின் மகன் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்திருந்தான். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் தேறிய கெட்டிக்காரன். நாணய வர்த்தகம் பழக்குவதாகச் சொல்லும் வகுப்பொன்றில் ஒரு மாதம் பயின்று முடித்திருக்கிறான். தாயாரின் காப்புகளை அடகு வைத்து, ஐந்து இலட்சம் ரூபாவோடு களத்தில் இறங்க வேண்டுமென்பது அவனது எண்ணம். தகப்பனார் சம்மதிக்கவில்லை. "மாமா, நீங்கள் கனகாலம் பொருளாதாரப் பக்கம் பார்த்தனீங்கள்தானே. நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்" என்றான்.

படித்ததைக் காட்டச் சொன்னேன். பத்து நிமிடத்தில் காட்டி முடித்துவிட்டான். தரகு நிறுவனத்தின் தளத்திலிருந்து மெட்டாட்ரேடர் 4 என்ற வரைபு மென்பொருளை இறக்கி நிறுவினான். சேவர்ப் பட்டியலில் ஒன்றைத் தெரிந்து, கணக்கு இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்தான். யூரோ - டொலர் வரைபைத் திறந்தான். கம்பிகளாக இருந்ததை மெழுகுதிரிகளாக மாற்றினான். ஒரு மணித்தியால வரைபை நான்கு மணித்தியாலமாக்கினான். நகரும் சராசரி இரண்டு, அதன் கீழே 14 காலப்பகுதிகளைக் கொண்ட ஆர்.எஸ்.ஐ. அளவுகோல் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு வார்ப்புருவாகச் சேமித்தும் வைத்தான். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. விமானியின் இருக்கையில் அமர்ந்திருப்பவனின் பெருமிதம் அவன் முகத்தில் தெரிந்தது.

அந்தப் பெருமிதத்தின் மீதுதான் எனக்குக் கோபம். அவன் மீதல்ல, காசு வாங்கிக்கொண்டு அதை அவனுக்கு விற்றவர்கள் மீது. மென்பொருளொன்றை நிறுவத் தெரிவதும் ஒரு தொழிலைத் தெரிந்திருப்பதும் ஒன்றென நம்பவைப்பது கல்வியல்ல, மோசடி. இந்த வகுப்புகள் வரைபின் நிறத்தை மாற்றப் பழக்குகின்றன. வரைபு எதனால் ஆனதென்று சொல்வதேயில்லை.

அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன்.

முதலாவது, இந்த மெழுகுதிரிகள் எந்த விலையைக் கொண்டு வரையப்படுகின்றன? அவனுக்குத் தெரியவில்லை. மெட்டாட்ரேடர் 4 இன் வரைபு, தரகர் எம்மிடம் வாங்கும் விலையை மட்டுமே கொண்டு வரையப்படுவது. அவர் எமக்கு விற்கும் விலைக்கான கோடு, நாமாகத் தெரிவு செய்தாலன்றித் திரையில் தோன்றாது. முதலில் விற்றுவிட்டுப் பின்னர் வாங்கி முடிக்கும் ஒருவரின் கணக்கோ, அந்தத் தோன்றாத விலையில்தான் முடிக்கப்படுகிறது. ஆகவே அவர் வைத்த நட்ட எல்லையை மெழுகுதிரி தொடாமலேயே அவர் வெளியேற்றப்படலாம். முக்கிய செய்திகள் வெளியாகும் வேளைகளில் இரு விலைகளுக்குமிடையிலான இடைவெளி விரியும்போது இது நடக்கும். நடந்த பின்னர் வரைபைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை.

இரண்டாவது, கீழே தெரியும் 'அளவு' எதன் அளவு? கைமாறிய பணத்தின் அளவு என்றான். இல்லை. அந்தத் தரகரின் சேவரில் விலை எத்தனை தடவை மாறியது என்ற எண்ணிக்கை மட்டுமே அது. சர்வதேச கொடுப்பனவுத் தீர்வு வங்கியின் 2025 ஏப்ரல் கணக்கெடுப்பின்படி உலக நாணயச் சந்தையில் நாளொன்றுக்குக் கைமாறியது சுமார் 9.6 ட்ரில்லியன் டொலர். இந்தச் சந்தைக்கு ஒரு மத்திய பரிவர்த்தனை நிலையம் கிடையாது. அதன் முழு அளவையும் எந்தத் தரகரின் திரையும் காட்ட முடியாது.

மூன்றாவது, ஒரு நாள் மெழுகுதிரி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? தரகரின் சேவர் நேரப்படி. இரு தரகர்களின் சேவர் நேரம் வேறுபட்டால் நாள் மெழுகுதிரியின் உருவமும் வேறுபடும். ஒருவரின் வரைபில் ஞாயிற்றுக்கிழமைக்கென ஒரு குட்டி மெழுகுதிரி நிற்கும். மற்றவரின் வரைபில் அது இராது. தரகரை மாற்றினால் மறைந்துபோகும் வடிவத்தைச் சந்தையின் மனம் என்று எப்படிச் சொல்வது?

இவை பரம இரகசியங்களல்ல. முதல் நாள் வகுப்பில் சொல்ல வேண்டியவை. சொன்னால் இரண்டாம் நாள் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

லெவரேஜ் என்ற கடன்பெருக்கத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், வரப்பிரசாதம் என்று. 1:500 என்றால் 100 டொலரை வைத்து 50,000 டொலர் பெறுமதியான நாணயத்தைக் கையாளலாம். நல்லது. அந்த 50,000 டொலரில் 0.2 சதவீதம் எவ்வளவு? 100 டொலர். யூரோ சாதாரண நாளொன்றிலேயே அதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். முழுப் பணமும் கரையுமுன்னரே தரகரின் கணினி கணக்கை மூடிவிடும். பல தரகு நிறுவனங்களில் வாடிக்கையாளருக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் தரகரே. உங்கள் நட்டம் அவரது வருமானம்.

ஐரோப்பியப் பிணையங்கள் மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2018 இல் இந்த விடயத்தை ஆராய்ந்தது. இவ்வகை ஒப்பந்தங்களில் ஈடுபடும் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரையானவை நட்டமடைவதாகக் கண்டது. பிரதான நாணயங்களுக்கான கடன்பெருக்கத்தை 1:30 என மட்டுப்படுத்தியது. நட்டமடைவோரின் வீதத்தை ஒவ்வொரு தரகரும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென்றும் பணித்தது. எமது பிள்ளைகளுக்கு 1:500 தாராளமாகக் கிடைக்கிறது. அந்த வீதம் மட்டும் கிடைப்பதில்லை.

"ஸ்டொப் லொஸ் போட்டால் பயமில்லை மாமா" என்றான். 2015 ஜனவரி 15 ஆம் திகதியை அவனுக்கு நினைவூட்டினேன். அப்போது அவன் சிறுவன். 2011 செப்டெம்பரிலிருந்து ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற எல்லைக்குக் கீழே விழவிடாமல் சுவிஸ் மத்திய வங்கி காத்து வந்தது. அக்கொள்கையே தமது நாணயக் கொள்கையின் மூலைக்கல் என்ற பொருளில் வங்கியின் துணைத் தலைவர் பேசி மூன்று நாட்கள்கூட ஆகவில்லை. எல்லை கைவிடப்பட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்கிற்கும் கீழே சென்றது. இடையில் வாங்குவோர் இல்லை. நட்ட எல்லைகள் வைத்த விலையில் நிறைவேறவில்லை. லண்டனில் இயங்கிய அல்பாரி தரகு நிறுவனமே நொடித்துப் போனது. அதற்கு முதல் நாள்வரையான வரைபில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எமது ரூபாவையே பாருங்கள். 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம்வரை டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா என்ற மட்டத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அக்காலத்து வரைபில் தெரிவது ஒரு நேர்கோடு. எந்த மென்பொருளும் அதை 'அமைதி' என்றுதான் வாசித்திருக்கும். ஆனால் துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கிக் கிடந்ததைக் கண்டவனுக்கும், எரிவாயு வரிசையில் நின்றவனுக்கும், வங்கியில் டொலர் இல்லையென்று திருப்பியனுப்பப்பட்ட வியாபாரிக்கும், உண்டியல் விலை வேறென்று அறிந்தவனுக்கும் அது அமைதியல்ல என்று தெரிந்திருந்தது. மார்ச் 7 இல் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டன. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. நேர்கோட்டை நம்பியவர்கள் சேமிப்பின் பெறுமதியைப் பறிகொடுத்தார்கள்.

மென்பொருள் மீது எனக்குப் பகையில்லை. நடந்ததை ஒழுங்காக வரைந்து காட்டுவது அதன் வேலை. அதைச் செம்மையாகவே செய்கிறது. மெழுகுதிரி வரைபு 18 ஆம் நூற்றாண்டு ஜப்பானின் அரிசி வணிகத்திலிருந்து வந்ததாக மரபாகச் சொல்வார்கள். அந்த வணிகர்களுக்கு அரிசியைத் தெரியும், விளைச்சலைத் தெரியும். எமது பிள்ளைக்கோ வட்டிவீதம் ஏன் உயர்கிறது என்று தெரியாது. டெமோ கணக்கின் பொய்ப்பணத்தில் வென்ற மூன்று வாரங்கள் மட்டும் தெரியும். பொய்ப்பணத்தை இழக்கும்போது கை நடுங்குவதில்லை. தாயின் காப்பை இழக்கும்போது நடுங்கும். நடுங்கும் கை விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகப் போடும்.

இனி எனது சகபாடிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வகுப்புகளின் விளம்பரங்கள் எமது தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களில்தான் வருகின்றன. 'வீட்டிலிருந்தே டொலரில் உழைக்கலாம்' என்ற வாசகத்தை, மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில், ஒரு கேள்வியும் கேளாமல் அச்சிடுகிறோம். எமது நாட்டில் வெளிநாட்டு நாணய வியாபாரம் 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்றோருக்கே உரியது என்பது பத்திரிகைக்காரனுக்குத் தெரியாத செய்தியா? நானும் ஆசிரிய பீடத்தில் இருந்தவன். விளம்பரப் பிரிவு வேறு, செய்திப் பிரிவு வேறு என்று சொல்லித் தப்பியவர்களில் நானும் ஒருவன். வாசகருக்கு இரண்டும் ஒரே பத்திரிகைதான்.

குறைந்தபட்சம் இதையாவது செய்வோம். நட்டமடைந்த மாணவர்களின் தொகையை வெளியிடாத வகுப்புக்கு விளம்பர இடம் இல்லை என்போம். சொந்தக் கணக்கின் ஓராண்டு வரவு செலவைக் காட்ட முடியாத 'ஆசான்' எவருக்கும் நேர்காணல் இல்லை என்போம்.

பையன் மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்தான். என்ன முடிவெடுத்தான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "மாமா, இதையெல்லாம் நீங்கள் ஏன் பேப்பரில் எழுதவில்லை?" என்று மட்டும் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.