ஸ்டார் பிளேயருக்கு அடிபட்டால் சீசனே போயிடுமா? லிவர்பூல் முதல் கேரளா பிளாஸ்டர்ஸ் வரை ஓர் அலசல்

2024 செப்டம்பர் 22. மான்செஸ்டர் சிட்டிக்கும் ஆர்சனலுக்கும் எத்திஹாட் மைதானத்தில் ஆட்டம். முதல் பாதியில் ஒரு கார்னரின்போது நடந்த தள்ளுமுள்ளில் சிட்டியின் ரோட்ரி கீழே விழுந்தார். வலது முழங்காலைப் பிடித்தபடி வெளியேறியவருக்கு ஏ.சி.எல் கிழிந்திருப்பது பிறகு தெரியவந்தது. அடுத்த மாதமே உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை வாங்கப்போகிறவர், மறுபடி களத்துக்கு வந்தது 2025 மே மாதம்தான்.

தொடர்ந்து நான்கு முறை பிரீமியர் லீக் பட்டம் வென்றிருந்த சிட்டி, அந்த சீசனை 71 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தில் முடித்தது. "ரோட்ரி இல்ல, அதான் போச்சு" என்று ஒரே வரியில் பலரும் முடித்துவிட்டார்கள்.

ஆனால் விஷயம் அவ்வளவு சிம்பிளா? 25 பேர் இருக்கும் அணியில் ஒருத்தர் இல்லாமல் போனால், ஒன்பது மாத சீசன் எப்படிச் சரிகிறது? அப்படியென்றால், மூன்று முக்கிய வீரர்களை இழந்தும் கோப்பை ஜெயித்த அணிகள் எப்படி ஜெயித்தன?

காயம் எவ்வளவு சகஜம்?

முதலில் ஒரு கணக்கு. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ, 2001 முதல் பெரிய கிளப்களில் ஏற்படும் காயங்களைத் தொடர்ந்து ஆய்வு செய்துவருகிறது. அதன்படி, ஒரு வீரருக்கு சராசரியாக சீசனுக்கு இரண்டு காயங்கள். அதாவது 25 பேர் கொண்ட அணிக்கு சுமார் 50. இதில் பெரும்பாலானவை சில நாள்களிலோ, சில வாரங்களிலோ ஆறிவிடும் காயங்கள்தான். ஏ.சி.எல் அப்படியல்ல. அது முழங்காலை நிலையாகப் பிடித்துவைத்திருக்கும் தசைநார். கிழிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, குறைந்தது ஏழெட்டு மாத ஓய்வு. கிட்டத்தட்ட ஒரு சீசன் காலி.

இன்னொன்று ஹேம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடையின் பின்பக்கத் தசை. 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவிகிதமாக இருந்த ஹேம்ஸ்ட்ரிங் காயங்கள், 2021-22இல் 24 சதவிகிதமாகிவிட்டன. ஆட்டத்தின் வேகமும், ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போவதை இதற்கான முக்கியக் காரணங்களாகச் சொல்கிறார்கள்.

இதே ஆய்வை வைத்து 2013இல் வெளியான கட்டுரை, 11 சீசன்களை ஒப்பிட்டது. காயத்தால் இழக்கும் நாள்கள் குறைந்த சீசன்களில் அணிகள் லீக் பட்டியலில் மேலே முடித்திருந்தன. ஆக, காயம் சீசனைப் பாதிக்கும் என்பது ரசிகர்களின் புலம்பல் மட்டுமல்ல. ஆனால் எப்படிப் பாதிக்கிறது என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது.

லிவர்பூல் 2020-21: முதல் அடி விழவைக்கவில்லை

2020 அக்டோபர் 17. எவர்டனுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே லிவர்பூலின் தடுப்புச் சுவர் வெர்ஜில் வான் டைக்கின் ஏ.சி.எல் பாதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சீசனில் 99 புள்ளிகளுடன் பட்டம் வென்ற அணி அது. வான் டைக் போனதும் அணி சரிந்திருக்கவேண்டும், இல்லையா?

சரியவில்லை. டிசம்பர் 19 அன்று கிரிஸ்டல் பேலஸை 7-0 என்று நொறுக்கிய லிவர்பூல், கிறிஸ்துமஸுக்குப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது.

உண்மையான சரிவு அதற்குப் பிறகுதான் வந்தது. நவம்பரிலேயே ஜோ கோமஸ் இங்கிலாந்து தேசிய அணியின் பயிற்சியில் முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார். அடிக்கடி காயமடைந்துவந்த யோயல் மாட்டிப்புக்கு ஜனவரி கடைசியில் சீசனே முடிந்தது. மூன்று சீனியர் சென்டர் பேக்குகளும் அவுட். அந்த ஓட்டையை அடைக்க மிட்ஃபீல்டர்களான ஃபாபினியோவையும், கேப்டன் ஹெண்டர்சனையும் பின்னால் இறக்கினார் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப்.

இங்கேதான் கவனிக்கவேண்டும். டிஃபென்ஸில் ஓட்டை விழுந்த அணிக்கு முதலில் வற்றிப்போனது கோல்கள். நியூகாசில், சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் யுனைடெட், பர்ன்லி என்று தொடர்ந்து நான்கு லீக் ஆட்டங்களில் லிவர்பூல் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பர்ன்லியிடம் தோற்றபோது, சொந்த மண்ணில் 68 லீக் ஆட்டங்களாகத் தோற்காத சாதனையும் முடிந்தது. அதிலிருந்து ஆன்ஃபீல்டில் தொடர்ச்சியாக ஆறு லீக் தோல்விகள்.

காரணம், டிஃபென்ஸை ஒட்டுப்போட மிட்ஃபீல்டைக் கிழித்ததுதான். பந்தைப் பறித்து முன்னால் அனுப்பவேண்டியவர்கள் பின்னால் நின்றார்கள். வான் டைக்கின் நீளமான பாஸ்கள் இல்லை. பழக்கமில்லாத ஜோடி பின்னால் இருக்கும்போது, முழு அணியும் முன்னேறி நெருக்கும் துணிச்சலும் குறையும். ஒரு இடத்தில் இருந்த பிரச்னை, இப்போது மூன்று இடங்களில்.

மீட்சி எப்படி வந்தது என்பதும் இதையே சொல்கிறது. மார்ச்சில் ஃபாபினியோ மீண்டும் மிட்ஃபீல்டுக்குப் போனார். சீசனின் இறுதிக்கட்டத்தில் பெரிய அனுபவம் இல்லாத நேட் ஃபிலிப்ஸும், ரீஸ் வில்லியம்ஸும் சென்டர் பேக்குகளாக நின்றார்கள். காகிதத்தில் பார்த்தால் டிஃபென்ஸ் இன்னும் பலவீனம். ஆனால் கடைசி 10 ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை. 69 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைக் காப்பாற்றிக்கொண்டது லிவர்பூல். நட்சத்திரம் திரும்பி வரவில்லை. மற்ற எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான்.

கேரளா பிளாஸ்டர்ஸ் 2023-24: கொச்சியிலும் அதே கதை

இது ஐரோப்பாவின் கதை மட்டுமல்ல. 2023 டிசம்பரில் பிளாஸ்டர்ஸ் கேப்டன், உருகுவே வீரர் அட்ரியன் லூனா முழங்கால் காயத்தால் வெளியேறினார். அணியின் மொத்தத் தாக்குதலும் அவர் கால்களில் இருந்துதான் தொடங்கும். ஆனாலும் அவர் இல்லாமல் பஞ்சாப், மும்பை சிட்டி, மோகன் பகான் என்று மூன்று அணிகளை வரிசையாக வீழ்த்தியது பிளாஸ்டர்ஸ். 12 ஆட்டங்களில் 26 புள்ளிகள், பட்டியலில் முதலிடம். மஞ்சப்படை ரசிகர்களுக்குக் கொண்டாட்டமான புத்தாண்டு.

ஜனவரியில் சூப்பர் கப்பின்போது கானா ஃபார்வர்ட் குவாமே பெப்ராவும் காயத்தால் வெளியே போனார். பிப்ரவரியில் முதன்மை கோல் கீப்பர் சச்சின் சுரேஷுக்குத் தோள்பட்டைக் காயம். லீக் மறுபடி தொடங்கியதும் ஒடிசா, பஞ்சாப், சென்னையின் எஃப்.சி என்று மூன்று அணிகளிடமும் வரிசையாகத் தோல்வி. மீதமிருந்த 10 ஆட்டங்களில் வந்தது வெறும் 7 புள்ளிகள். அந்த சீசனில் 13 கோல்கள் அடித்து கோல்டன் பூட் வாங்கிய டிமிட்ரியோஸ் டியாமன்டகோஸ் இருந்தும், அணி ஐந்தாம் இடத்தில் முடித்து, பிளே ஆஃபில் ஒடிசாவிடம் தோற்று வெளியேறியது. சில நாள்களில் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சும் கிளப்பைவிட்டுப் பிரிந்தார்.

ஐ.எஸ்.எல்லில் இந்த வலி கொஞ்சம் கூடுதல். ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களைத்தான் களமிறக்கலாம் என்ற விதியின்கீழ் ஆடிய சீசன் அது. அணியின் முதுகெலும்பான இடங்களை அந்தச் சிலரை வைத்தே கட்டுகிறார்கள். அதில் இரண்டு பேர் போனால், அதே தரத்தில் ஒருவர் பெஞ்சில் இருக்கமாட்டார். லூனாவுக்குப் பதிலாக ஜனவரியில் லிதுவேனியாவின் ஃபெடோர் செர்னிச்சைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பாதி சீசனில் வந்து, மொழியும் ஆட்டமுறையும் புரிந்து, செட் ஆவதற்குள் லீக் முடிந்துவிடுகிறது.

ஏன் சரிவு லேட்டாக வருகிறது?

சிட்டியின் கதையும் இதே வரிசைதான். ரோட்ரி காயமடைந்து ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, சிட்டி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாத் தொடர்களிலும் சேர்த்து ஐந்து தொடர் தோல்விகள், 13 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி.

மூன்று அணிகளிலும் முக்கிய வீரர் போனபிறகும் சில வாரங்கள் வண்டி ஓடியது. ஆபீஸில் டீமின் முக்கியமான ஒருவர் நீண்ட லீவில் போனால் முதல் மாதம் எப்படியோ சமாளித்துவிடுவோமே, அது மாதிரி. பிறகு மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, சுமை மாறுகிறது. ஓய்வு கிடைக்கவேண்டிய வீரர்கள் ஒவ்வொரு ஆட்டமும் ஆடுகிறார்கள். தசைகள் களைத்து அடுத்த காயம் வருகிறது. சிட்டியில் ரூபன் டியாஸ், ஜான் ஸ்டோன்ஸ், டி ப்ரூய்னே என்று அடுத்தடுத்துப் பலர் காயத்தால் ஆட்டங்களை இழந்தார்கள்.

இரண்டு, எதிரணிகள் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்துவிடுகின்றன. ரோட்ரி நின்ற இடத்தில் இப்போது வெளி இருக்கிறது, அங்கே வேகமாக ஓடினால் போதும் என்று தெரிந்தபிறகு எல்லோரும் அதையே செய்கிறார்கள்.

மூன்று, தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிடுகிறது. ஒரு ஆட்டத்துக்காக இடம் மாற்றப்பட்டவர் பத்து ஆட்டங்கள் அங்கேயே ஆடுகிறார். அவர் விட்டுவந்த இடம் காலியாகவே இருக்கிறது.

அப்போ ரியல் மாட்ரிட் எப்படி ஜெயித்தது?

2023 ஆகஸ்டில் கோல் கீப்பர் கோர்ட்வாவுக்கு ஏ.சி.எல். அதே மாதம் சென்டர் பேக் மிலிட்டாவோவுக்கு ஏ.சி.எல். டிசம்பரில் டேவிட் அலாபாவுக்கும் ஏ.சி.எல். அந்த சீசனில் ரியல் மாட்ரிட் செய்தது என்ன? லா லிகாவில் 95 புள்ளிகள், வாங்கியது 26 கோல்கள் மட்டுமே, ஒரே ஒரு தோல்வி. கூடவே சாம்பியன்ஸ் லீக்.

பணம் ஒரு காரணம், மறுக்கமுடியாது. ஆனால் சிட்டியிடமும் பணம் இருந்தது. வித்தியாசம் வேறு இடத்தில். ருடிகர், நாச்சோ என்று அதே இடத்தில் ஆடிப் பழகிய அனுபவசாலிகள் மாட்ரிட்டில் இருந்தார்கள். கோல் கீப்பிங்கில் கெபாவைக் கடனாக எடுத்தார்கள், பிறகு ஏற்கெனவே அணியில் இருந்த லூனின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். தேவைப்பட்டபோது மிட்ஃபீல்டர் சுவாமெனியைப் பின்னால் இறக்கினாலும், மிட்ஃபீல்டில் அவர் இடத்தை நிரப்ப ஆள் இருந்தது. ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை போடவில்லை.

சிட்டியில் ரோட்ரிக்கு அப்படியொரு மாற்று இல்லை. இத்தனைக்கும் எச்சரிக்கை மணி முந்தைய சீசனிலேயே அடித்துவிட்டது. 2023-24 லீகில் சிட்டி தோற்ற மூன்று ஆட்டங்களுமே, ரோட்ரி தடையால் ஆடாத ஆட்டங்கள். அவருக்கு மாற்றாக முன்பு வாங்கப்பட்ட கால்வின் ஃபிலிப்ஸ், 2024-25 சீசனில் இப்ஸ்விச் அணியில் கடனாக ஆடிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கென போர்ட்டோவிலிருந்து நிகோ கோன்சாலஸை சிட்டி வாங்கியது பனிக்கால டிரான்ஸ்ஃபர் சந்தையின் கடைசி நாளில். அதற்குள் பட்டம் கைநழுவியிருந்தது.

ஆனால் மாட்ரிட்டின் கதையிலும் ஒரு பின்குறிப்பு உண்டு. அடுத்த சீசனில் கார்வஹாலுக்கு ஏ.சி.எல், மீண்டுவந்த மிலிட்டாவோவுக்கு இன்னொரு முழங்காலில் மறுபடி ஏ.சி.எல். இந்த முறை லீக் பட்டமும் இல்லை, சாம்பியன்ஸ் லீக்கும் இல்லை. நல்ல திட்டமிடல் அடியைத் தாங்கிக்கொள்ள உதவும். ஒவ்வொரு வருடமும் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை.

விலை கொடுப்பது யார்?

தேசிய அணிக்காக ஆடும்போது காயமடைந்து, 28 நாள்களுக்கு மேல் ஆட முடியாமல் போனால், கிளப்புக்கு ஃபிஃபா இழப்பீடு தருகிறது. ஒரு காயத்துக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ. ஆனால் அது சம்பளத்துக்கான ஈடுதான். இழந்த புள்ளிகளுக்கும், பறிபோன பயிற்சியாளர் வேலைக்கும் இழப்பீடு கிடையாது.

வீரரின் உடம்புக்கும் கிடையாது. அலாபா மறுபடி களமிறங்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது "எப்போ வருவார்?" என்ற கேள்வி கிளப்பிலிருந்தும் ரசிகர்களிடமிருந்தும் அழுத்தமாக மாறுகிறது. ஆனால் ஏ.சி.எல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவசரப்பட்டுத் திரும்பினால் மீண்டும் காயமடையும் ஆபத்து அதிகம் என்பதால், ஒன்பது மாதமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள்.

இதற்கிடையே ஆட்டங்கள் கூடிக்கொண்டேதான் போகின்றன. 2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் சுற்றில் ஆறுக்குப் பதிலாக எட்டு ஆட்டங்கள். 2025 கோடையில் 32 அணிகளுடன் கிளப் உலகக் கோப்பை. வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்கு நெருங்கிவிட்டோம் என்று 2024 செப்டம்பரில் ஒரு வீரர் வெளிப்படையாகவே சொன்னார். அவர் பெயர் ரோட்ரி. சொன்ன சில நாள்களில்தான் எத்திஹாட்டில் அவர் முழங்கால் மடங்கியது. அந்தக் காயத்துக்குக் களைப்புதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் எழுப்பிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த முறை என்ன பார்க்கலாம்?

உங்கள் அணியின் ஸ்டாருக்கு அடிபட்டால், அடுத்த ரெண்டு மூணு ரிசல்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அவர் இடத்தில் யார் ஆடுகிறார் என்பதைவிட, அப்படி ஆடுகிறவர் எந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வந்தார் என்று பாருங்கள். அதே இடத்தில் இன்னொருவருக்கும் அடிபட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதற்கு கிளப்பிடம் பதில் இல்லையென்றால், பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் கவலைப்பட நேரம் வந்துவிட்டது.