ஆண் மீனின் ரத்தத்தில் முட்டைப் புரதமா?

ஆற்று நீர் தெளிவாகத் தெரியுது, மீன்களும் நீந்துது. அப்புறம் என்ன பிரச்சினை?

ஆண் மீனின் ரத்தத்தைச் சோதித்தால் தெரியும்.

முட்டையின் மஞ்சள் கருவுக்கான 'வைட்டெல்லோஜெனின்' புரதத்தைப் பெண் மீன்களின் கல்லீரல் உருவாக்குகிறது. ஆண் மீனிடமும் அதற்கான மரபணு உண்டு. பெண் ஹார்மோன் தூண்டாதவரை அது சும்மா இருக்கும். ஆணின் ரத்தத்தில் அந்தப் புரதம் எகிறினால்? ஈஸ்ட்ரோஜனைப் போல் செயல்படும் ஏதோ ஒன்று நீரில் கலந்திருக்கிறது.

"மீனுக்குத்தானே?" என்கிறீர்களா?

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோனை ஆய்வாளர்கள் கலந்தனர். 2001 முதல் 2003 வரை, கோடைக்காலத்தில் மட்டும். லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம்தான். ஒலிம்பிக் நீச்சல் குளம் முழுவதற்கும் ஒரு சிட்டிகைகூட வராது!

அங்குள்ள 'ஃபேட்ஹெட் மின்னோ' எனும் சிறு மீன்களில் முதலில் ஆண்களிடம் அந்தப் புரதம் கூடியது. பிறகு அந்த மீன்களே ஏரியிலிருந்து கிட்டத்தட்டக் காணாமல் போயின. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அவை மீண்டும் பெருகின.

வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இத்தகைய ஹார்மோன்களை முழுசா நீக்குவதில்லை. ரத்தச் சோதனையிலும் ஒரு குறை உண்டு. எந்த ரசாயனம் என்று அது சொல்லாது. அதுக்கு நீரைத் தனியே பரிசோதிக்கணும்.