தலைக்கவசமும் நமது சங்கங்களும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். கூட்டம் தொடங்கச் சிறிது நேரம் இருந்தபடியால், சங்கக் கட்டிடத்தின் முன்னே வேப்பமரத்தடியில் நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள்களையும் ஸ்கூட்டர்களையும் எண்ணிப் பார்த்தோம். மொத்தம் 43 வண்டிகள் இருந்தன. தலைக்கவசங்களோ 11 மட்டுமே. அவற்றிலும் மூன்றுக்கு வாரின் பூட்டு உடைந்திருந்தது. நான்கில் எந்தத் தர முத்திரையும் காணப்படவில்லை. 43 வண்டிகளுக்கு நம்பத் தகுந்த கவசங்கள் நான்கே என்பது நமது கணக்கு.

அன்றையக் கூட்டத்தில் மிகவும் காரசாரமாக விவாதிக்கப்பட்ட விஷயம் யாது? 60-ஆம் நம்பர் என்று வந்திறங்கிய நூல் அந்த நம்பருக்கு நிற்கவில்லை என்பதே. அங்கத்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, சிட்டத்தை விரல்களில் உருட்டிக் காட்டி, தரமற்ற நூலைத் திருப்பி அனுப்பியே தீரவேண்டும் என்று வாதாடினர். அந்த விழிப்பைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் கூட்டம் முடிந்ததும், நூலின் நம்பரில் இம்மியளவு குறைவைப் பொறுக்காத அதே அன்பர்கள், வெறுந்தலையோடு வண்டியேறிச் செல்லக் கண்டோம். விரலால் தொட்டு நூலின் தரத்தைச் சொல்லும் அறிவு தலைக்குள்ளேதான் இருக்கிறது. அந்தத் தலையைப் பற்றி மட்டும் நமக்கு ஏன் இந்த அலட்சியம்?

பயிரிடுவோரும் இதற்கு விலக்கல்லர். விதை வாங்கும்போது நீல நிறச் சான்று அட்டை இருக்கிறதா என்று மூட்டையைப் புரட்டிப் பார்ப்பவர்கள், விடியற்காலை இருட்டில் காய்கறி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகையில் துண்டை மட்டுமே தலையில் கட்டிச் செல்கிறார்கள். துண்டு பனிக்கு உதவும்; தார்ச்சாலைக்கு உதவாது.

ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறுவது அவசியமென்று கருதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சங்கத்தில் கடன் பேரேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் அங்கத்தினரின் கணக்கு ஆறு மாதங்களாக அசைவின்றிக் கிடப்பதைக் கண்டோம். தவணை தவறாதவர் என்பதற்கு முந்தைய பக்கங்களே சாட்சி. காரணம் கேட்டதற்குக் காரியதரிசி தலை குனிந்து, “அவர் இப்போது இல்லை, ஐயா” என்றார். மறுநாள் அவரது இல்லத்துக்குச் சென்றோம். குழித்தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. பாவின் மேல் தூசி படிந்திருந்தது. சங்கத்தில் நூல் வாங்க இரண்டு கிலோமீட்டர் தூரம் சென்றவர், திரும்பும் வழியில் நாய் ஒன்று குறுக்கே பாய, வண்டியோடு சாய்ந்திருக்கிறார். லாரி எதுவும் மோதவில்லை. கை கால்களில் பெரிய காயமுமில்லை. தலை மட்டும் சாலையோரக் கல்லில் பட்டிருக்கிறது. சுவரில் ஆணியில் ஒரு தலைக்கவசம் மாட்டியிருந்தது. நாம் அதைப் பார்ப்பதைக் கவனித்த அந்த அம்மையார், “பக்கத்திலேதானே போய் வருகிறேன் என்று விட்டுவிட்டுப் போனார், ஐயா” என்றார். மூத்த மகன் படிப்பை நிறுத்திவிட்டான். கடனுக்கு ஜாமீன் நின்ற அடுத்த வீட்டு நெசவாளர் தமது கூலியிலிருந்து தவணை கட்டி வந்தார். ஒரு தலை வீழ்ந்ததனால் இரண்டு குடும்பங்கள் சாய்ந்தன.

இது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் விபத்தில் மாண்டவர்கள் 50,029 பேர். அவர்களில் 35,692 பேர் வண்டியை ஓட்டியவர்கள். 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். இந்த இரண்டாவது எண்ணை அங்கத்தினர்கள் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். பின்னால் அமர்பவர் யார்? நமது மனைவியர், தாய்மார், மக்கள். கணவர் கவசம் அணிந்திருக்க, மனைவி வெறுந்தலையோடு மடியில் பாவுக் கட்டை வைத்துக்கொண்டு ஒருபுறமாக அமர்ந்து செல்வதை அன்றாடம் காண்கிறோம். சாலைக்கு முன்னிருக்கை, பின்னிருக்கை என்ற வேற்றுமை தெரியாது.

கவசம் உண்மையில் காக்கிறதா என்று ஐயுறுவோரும் உளர். 1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டி. இ. லாரன்ஸ் என்னும் புகழ்பெற்ற வீரர் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாட்களுக்குப் பின் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெயின்ஸ் அத்துடன் இருந்துவிடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் அவசியத்தை 1941-இல் மருத்துவ இதழில் எழுதினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் ராணுவம் தனது வண்டியோட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2008-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கவசம் தலைக்காயத்தை ஏறக்குறைய 69 சதவீதமும், மரணத்தை 42 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது.

அது காக்கும் விதம் எளிதில் விளங்கக்கூடியது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தை அடைந்துவிடுகிறது. வண்டி நின்றபடியே சாய்ந்தாலும் இந்த வேகம் உண்டு. வெறுந்தலை கல்லில் பட்டால் அவ்வளவு வேகமும் ஒரு நொடிக்குள் மிகச் சிறு பகுதியில் நின்றுவிடுகிறது. அந்த அதிர்ச்சியை மூளை தாங்குவதில்லை. கவசத்தின் வெளி ஓட்டுக்குள்ளே தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்த கெட்டியான நுரைப்பட்டை ஒன்று உண்டு. அடிபடும்போது அது நசுங்கி, தலை சற்று நெடிய தூரத்தில் நிற்கும்படி செய்கிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கு கூடினால், தாக்கும் விசை பத்தில் ஒரு பங்காகும். ஆகவே ஓடு அலங்காரமாக இருந்து, உள்ளே வெறும் பஞ்சு மட்டும் வைத்துத் தைத்த கவசம், கவசமே அன்று. கட்டிட வேலைக்குரிய மஞ்சள் தொப்பியும் அவ்வாறே. அவை போலீசாருக்குக் காட்ட உதவலாம். கல்லுக்குக் காட்ட உதவா.

இனி, வாங்கும் முறையைக் கூறுவோம். முதலாவதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதனுடன் ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரையின்றி இருசக்கர வண்டிக் கவசங்களை உற்பத்தி செய்வதும் விற்பதும் சட்ட விரோதமாகும். ஆயினும் சாலையோரங்களில் போலி முத்திரைகள் ஒட்டப்பட்டு விற்பனையாவதுண்டு. கைப்பேசியில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் உரிம எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். நமது துணியை வாங்குவோர் கைத்தறி முத்திரை பார்த்து வாங்கவேண்டும் என்று நாம் வேண்டுகிறோமல்லவா? பிறர் பொருளை வாங்கும்போது நாமும் முத்திரை பார்ப்பதே முறை.

இரண்டாவது, அளவு. நெசவாளர் இல்லத்தில் அளவு நாடாவுக்குப் பஞ்சமில்லை. புருவத்துக்குச் சற்று மேலே, பின்தலையின் அகன்ற பாகத்தைச் சுற்றி அளந்து, அந்தச் சென்டிமீட்டர் கணக்குப்படி கவசத்தைக் கேட்க வேண்டும். அணிந்து பார்க்கையில் கன்னங்களை இதமாக அழுத்த வேண்டும். நெற்றியில் வலி கூடாது. தலையை ஆட்டினால் கவசம் தனியே ஆடக்கூடாது. வாரைப் பூட்டியபின் பின்பக்கத்திலிருந்து மேலே தள்ளிப் பார்த்தால், அது முன்னோக்கிக் கழன்று வரக்கூடாது. முகவாய் வரை மூடும் முழுக்கவசமே தாடைக்கும் பாதுகாப்பளிக்கும். கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி இரவில் பள்ளத்தை மறைத்துவிடும்.

மூன்றாவது, வார். வாரைப் பூட்டாத கவசம் விபத்தின்போது தலைக்கு முன்னே பறந்துவிடும். சட்டமும், வாரால் தலையில் உறுதியாகப் பிணைக்கப்பட்டதையே கவசம் என்று கூறுகிறது. வாருக்கும் முகவாய்க்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். இதில் நமது குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். பணியில் சேர்ந்த தொடக்கத்தில், சோதனைச் சாவடி வரும்வரை வாரைத் தொங்கவிட்டே பல ஊர்களுக்கும் சென்று வந்தோம். மேலே கூறிய இல்லத்துக்குச் சென்று திரும்பிய நாளிலிருந்துதான் அப்பழக்கம் நம்மை விட்டு நீங்கியது.

பேணுதலும் முக்கியம். பெயிண்ட், தின்னர், பெட்ரோல் ஆகியவை நுரைப்பட்டையை அரித்துவிடும். கழற்றக்கூடிய உள்துணியை மெல்லிய சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல் இல்லாவிடினும், உள்ளே நசுங்கியிருக்கும், மீண்டும் பயன்படாது. பிறர் பயன்படுத்திய பழைய கவசத்தை வாங்காமலிருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆட்சேபங்களையும் நாம் அறிவோம். வெயிலில் புழுக்கமாக இருக்கிறது என்பர். உண்மை, சித்திரை மாதத்தில் அது சௌகரியமானதென்று நாம் சொல்லமாட்டோம். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மடிப்பின்றி அணிந்து கொண்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். அத்துணியை நெய்பவர்களும் நாமே. காது கேட்பதில்லை என்பர். கவசம் ஒலியைக் குறைப்பது உண்மையாயினும், ஓடும் வண்டியில் காற்றின் இரைச்சலையும் அது சேர்த்தே குறைக்கிறது. அருகில்தானே செல்கிறோம் என்பர். அதற்கு மேலே கூறிய இல்லத்துச் சுவரே விடை. விலை அதிகம் என்பர். நல்ல கவசம் ஒன்றின் விலை சில நாள் கூலிக்கு மேற்படாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டபடி, நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்றும், தவறினால் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் உண்டென்றும் கூறுகிறது. ஒரு முறை கட்டும் அபராதத்தில் ஒரு கவசமே வாங்கிவிடலாம். அதினும் சிறு குழந்தைகளுக்குரிய கவசமும் பிணைப்புப் பட்டையும் பற்றிய விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது.

விலையைப் பற்றிய ஆட்சேபத்திற்குக் கூட்டுறவிலேயே விடை இருக்கிறது. 1844-இல் ராச்டேல் நகரில் நமது இயக்கத்திற்கு வித்திட்ட முன்னோடிகளுள் நெசவாளர்கள் பலர். கலப்படமில்லாத மாவையும் வெண்ணெயையும் நியாய விலையில் அங்கத்தினருக்கு வழங்கவே அவர்கள் கடை திறந்தார்கள். கலப்படமில்லாத தலைக்கவசத்தை அங்கத்தினருக்கு வழங்குவது அதே பணியின் தொடர்ச்சியன்றோ?

ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் பின்வருமாறு செய்யலாம் என்பது நமது யோசனை. அங்கத்தினர்களின் தலையளவையும், உடன் செல்லும் குடும்பத்தினரின் தலையளவையும் நாடாவால் அளந்து பட்டியல் தயாரிக்கலாம். முத்திரையும் உரிம எண்ணும் சரிபார்க்கப்பட்ட கவசங்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து, வாங்கிய விலைக்கே வழங்கலாம். குறைந்த விலைப்புள்ளி ஒன்றையே பார்த்து ஏற்கலாகாது. முதலில் தரம், பிறகே விலை. எழுத்து மூலம் சம்மதம் தரும் அங்கத்தினரிடம் கூலியிலிருந்தோ, பால் பணத்திலிருந்தோ சிறு தவணைகளாகப் பிடித்துக்கொள்ளலாம். துணை விதிகள் இடமளிக்குமாயின், வறிய அங்கத்தினருக்குப் பொது நல நிதியிலிருந்து உதவலாம். இவையனைத்துக்கும் முன்பாக, நிர்வாகக் குழுவினரும், காரியதரிசியும், தணிக்கைக்கு வரும் நம்மைப் போன்றோரும் வாரைப் பூட்டிக்கொண்டு சங்கத்தின் வாயிலில் வந்து இறங்க வேண்டும். சுற்றறிக்கையைக் காட்டிலும் அது விரைவில் பலன் தரும்.

சங்கத்தின் பங்குத் தொகை, சேமிப்பு, கையிருப்பு ஆகிய அனைத்தையும் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறோம். அங்கத்தினரின் உயிரே சங்கத்தின் முதல் மூலதனம்; அது எந்த ஐந்தொகையிலும் எழுதப்படுவதில்லை. அடுத்த ஆண்டு அதே வேப்பமரத்தடியில் மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அன்று வண்டிகளைக் காட்டிலும் கவசங்கள் கூடுதலாக இருக்கட்டும். பின்னால் அமர்ந்து வருவோருக்கும் தலை உண்டல்லவா?